பால் வற்றிய பிறகு

ஓணம் நெருங்கிவிட்டால் மீனாட்சிபுரத்தில் பால் டேங்கர்கள் வரிசைகட்டி நிற்கும். பொள்ளாச்சியிலிருந்து 20 கிலோமீட்டர்கூட இருக்காது. பாலக்காடு மாவட்டம் அங்கே தொடங்கிவிடுகிறது. கேரளப் பால்வளத் துறையின் சோதனைச்சாவடியில் மாதிரி எடுத்து, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா, கெடாமலிருக்க ஏதாவது ரசாயனம் ஊற்றியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே வண்டியை விடுவார்கள். இடுக்கி மாவட்டத்துக் குமுளியிலும் பண்டிகை நாட்களில் இதே கெடுபிடி உண்டு. குழந்தைகள் குடிக்கிற பால், கெடுபிடி இருக்கத்தான் வேண்டும்.

இந்த எல்லையை வேறு வண்டிகளும் கடக்கின்றன. மீனாட்சிபுரம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், வாளையாறு. தெற்கே போனால் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. அந்த லாரிகளில் நிற்பவை கறவை நின்ற பசுக்கள், ஏருக்கும் வண்டிக்கும் ஆகாத எருதுகள், பிறந்த நாள் முதலே யாருக்கும் வேண்டாத கலப்பினக் காளைக் கன்றுகள். டேங்கரில் போகிற பாலும் லாரியில் போகிற மாடும் ஒரே கட்டுத்தரையிலிருந்து கிளம்பியவை.

கறி தின்பது சரியா தவறா என்று பேச்சு எழுந்தால் நம் ஊரில் சைவம் ஒரு பக்கம், அசைவம் ஒரு பக்கம் என்று உடனே பிரிந்து உட்கார்ந்துவிடுவோம். அதோடு, தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதி: மாட்டை விற்பது நாம், வெட்டுவதும் தின்பதும் மலையாளிகள் என்று சொல்லிவிடலாம். ஆனால் 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நூற்றுக்குச் சுமார் 97 பேர் அசைவம். எல்லைக்கு இந்தப் பக்கம் கருணையும் அந்தப் பக்கம் பசியும் குடியிருப்பதாக நினைப்பது நாமாகச் சொல்லிக்கொள்வது.

சந்தையில் பேசாத விலை

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடுகிறது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரம், கர்நாடகத்திலிருந்தும் மாடுகள் வந்து இறங்குகின்றன. வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் கேரள வியாபாரிகள். விலையை வாயால் பேசுவதில்லை. தரகர் ஒரு துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. வாயைப் பிளந்து பல் பார்ப்பார்கள்: இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை. மடியைத் தொட்டுப் பார்க்கிறவர் வளர்க்க வாங்குகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். தொடையையும் முதுகையும் தட்டிப் பார்க்கிறவர் கறி எத்தனை கிலோ தேறும் என்று மனத்துக்குள் எடை போடுகிறார். விலை முடிந்ததும் பல ஊர்க்காரர்கள் தங்கள் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, வாங்கியவரின் கயிற்றை மாட்டிவிடுவார்கள். மாடு போனாலும் கயிறு வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லட்சுமியும் சேர்ந்து போய்விடுவாள் என்பது நம்பிக்கை.

விற்கிறவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்தில், பால் நின்று சினையும் பிடிக்காத ஒரு மாடு தினமும் தின்னும் தீனி, மற்ற மாட்டின் பால் காசைத் தின்றுவிடும். "தீனி போட்டுக் கட்டுபடியாகலீங்க, என்னங்க பண்றது" என்பதற்கு மேல் அங்கே தத்துவம் எதுவும் இல்லை. கேட்டால், "வளர்ப்புக்குன்னு சொல்லித்தானுங்க வாங்கிட்டுப் போனாங்க" என்பார். வியாபாரியைக் கேட்டால், நான் வாங்கி ஏற்றி விடுகிறவன் மட்டும்தான் என்பார். லாரிக்காரர் வாடகைக்கு ஓட்டுகிறார். கசாப்புக்காரர், ஊர் கேட்கிறது, அறுக்கிறேன் என்பார். தின்கிறவர் அறுக்கவில்லை. பால் மட்டும் குடிக்கிறவர் தின்னவே இல்லை. உண்பவர் இல்லையென்றால் விற்பவர் இல்லை என்று வள்ளுவர் புலால் மறுத்தலில் கணக்கை நேராகப் போட்டுவிட்டார். ஆனால் அவர் காலத்தில் டேங்கர் லாரியும் செயற்கைக் கருவூட்டலும் இல்லை. இன்றைக்கு அந்தக் கணக்கில் பால் வாங்குகிறவரையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மாட்டுப்பட்டியில் தொடங்கிய கதை

எப்படி என்று தெரிய இடுக்கிக்குப் போக வேண்டும். மூணாறுக்குப் பக்கத்தில், சுற்றுலாப் பயணிகள் படகு விடும் மாட்டுப்பட்டியில்தான் 1963இல் இந்திய–சுவிஸ் கால்நடைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பிரவுன் சுவிஸ் காளைகளை உள்ளூர்ப் பசுக்களோடு சேர்த்தார்கள். அந்தக் கலப்பிலிருந்து வந்ததுதான் 'சுனந்தினி'. அதற்கு முன்பே 1961இல் கேரளம் ஒரு சட்டம் போட்டு, அனுமதி இல்லாத நாட்டுக் காளைகளைக் காயடிக்கச் சொல்லியிருந்தது. நாட்டு மாடு குறைந்தது, கறவை கூடியது. வெச்சூர்ப் பசு கிட்டத்தட்ட அற்றே போய்விட்டது. 1989இல் மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் வீடு வீடாகத் தேடி மிஞ்சியவற்றைச் சேர்த்திருக்காவிட்டால் இன்று படத்தில்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் திட்டத்தால் ஏழைக் குடும்பங்களுக்குப் பால் காசு வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் பசு பால் தர வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். போடுகிற கன்றில் சரிபாதி காளை. ஏர் ஓட்டிய காலத்தில் காளைக் கன்றுக்கு ஒரு வேலை இருந்தது. டிராக்டர் வந்தது, சினை ஊசி வந்தது, அதன் பிறகு ஜெர்சிக் காளைக் கன்றுக்கு எந்த வேலையும் இல்லை. பால் குடிக்க விட்டால் நஷ்டம், வளர்த்தால் அதைவிட நஷ்டம். பெண் கன்று மட்டும் பிறக்கிற மாதிரி பிரித்தெடுத்த விந்து இப்போது கிடைக்கிறது. அது பரவினால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறலாம். அதுவரை, காலையில் நாம் குடிக்கும் காபிக்கும் கேரளத்துத் தட்டில் விழும் துண்டுக்கும் நடுவே இந்தக் கன்றுதான் நிற்கிறது.

பசுவைக் காக்க நீண்ட சாலை

சட்டம் இந்த இடத்தில் செய்திருக்கும் காரியம் வேடிக்கையானது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேலாகி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாது என்று சான்று பெற்றால்தான் மாட்டை அறுக்கலாம். 1976 ஆகஸ்டில் வந்த அரசு உத்தரவு பசுவையும் கிடேரியையும் அறுப்பதை அறவே தடை செய்தது. கேரளத்தில் பசுவதைத் தடைச் சட்டம் இல்லை. உள்ளாட்சி விதிகளில் வயது வரம்பு மட்டும் உண்டு. வயதை எப்படிப் பார்ப்பது? பல் நாலைந்து வயதுக்குள் கடை சேர்ந்துவிடும். அதன் பிறகு தேய்மானத்தையும் கொம்பு வளையத்தையும் வைத்து உத்தேசம்தான். காகிதத்தில் எழுதப்படும் பத்து வயது பல நேரம் எழுதுகிறவர் மனத்தைப் பொறுத்தது.

இதன் நடைமுறை விளைவு என்ன? திருவண்ணாமலைப் பக்கத்திலோ ஆந்திரத்திலோ கறவை நின்ற பசு, பிறந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரத்தில் செத்திருக்க வேண்டியது, இரண்டு மூன்று சந்தை மாறி, லாரி மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நின்றபடியே பயணம் செய்து பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சாகிறது. பசுவின் உயிர் புனிதம் என்று போட்ட உத்தரவு அதன் உயிரைக் காக்கவில்லை. சாவதற்கு முந்தைய வேதனையைத்தான் நீட்டியிருக்கிறது. கறி தின்னலாமா என்ற விவாதத்தில் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இந்த ஒன்றை நியாயப்படுத்துவது கடினம்.

சாலையில் என்ன நடக்க வேண்டும் என்று விதிகள் விரிவாகவே இருக்கின்றன. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிப்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. கால் வழுக்காமல் தரையில் கயிற்றுப் பாயோ பலகையோ போட வேண்டும். பக்கவாட்டில் மெத்தை வைக்க வேண்டும். கூடவே ஓர் ஆள் போக வேண்டும். மிரளாமல் இருக்க, மாட்டை எஞ்சின் பக்கம் பார்த்து நிறுத்துவது நல்லது என்றுகூட ஒரு வரி இருக்கிறது. எழுதியவர் மாடு மேய்த்தவராகத்தான் இருக்க வேண்டும். பின்னாளில் மோட்டார் வாகன விதிகளில், ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் தடுப்பு வேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

நெடுஞ்சாலையில் மாட்டு லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனவர்களுக்கு இந்த விதிகளின் கதி தெரியும். தலைகள் ஒரே உயரத்தில் நெருக்கிக் கட்டப்பட்டிருக்கும். ஒன்று விழுந்தால் மற்றவை அதன் மேல் மிதிக்கும். விழுந்ததை எழுப்ப வாலை முறுக்குவதையும் கண்ணில் மிளகாய் தேய்ப்பதையும் விலங்கு நல அமைப்புகள் பல ஆண்டுகளாகப் படம் பிடித்து வெளியிட்டிருக்கின்றன. பிடிபட்டால்? 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஏழாவது மாட்டை ஏற்றினால் கிடைக்கும் வாடகையில் அது ஒரு டீ செலவு.

ஒரே சட்டம், இரண்டு கலவரம்

அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை நியமன உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததால் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரிய அலுவலகம் நெடுங்காலம் சென்னைத் திருவான்மியூரில்தான் இருந்தது. சைவ உணவுக்காரரான ருக்மிணி தேவியால் இந்தச் சட்டத்தில் உணவுக்காகக் கொல்வதைக் குற்றமாக்க முடியவில்லை. அவசியமற்ற வலி இருக்கக் கூடாது என்பதோடு சட்டம் நின்றுகொண்டது. மத முறைப்படி அறுப்பதற்கும் விலக்கு கொடுத்தது. நடைமுறை தெரிந்த சமரசம் அது.

2017இல் இந்த ஒரே சட்டத்தின் பேரில் எல்லையின் இரண்டு பக்கமும் கொதித்தன. ஜல்லிக்கட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் தடை செய்ததும் இந்தச் சட்டத்தை வைத்துத்தான். ஜனவரியில் மெரினாவில் கூடியவர்கள் சொன்ன முக்கியமான வாதம், ஜல்லிக்கட்டு நின்றால் நாட்டுக் காளைகள் அடிமாடாகக் கேரளாவுக்குப் போய்விடும் என்பது. நான்கு மாதம் கழித்து, மே 23ஆம் தேதி, மத்திய அரசு இதே சட்டத்தின் கீழ் கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. அறுப்புக்கு அல்ல என்று எழுதிக் கொடுத்தால்தான் சந்தையில் மாடு விற்க முடியும். மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் சந்தையே கூடக் கூடாது. பொள்ளாச்சிச் சந்தை அப்படியே அடிபட்டிருக்கும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மே 30 அன்று தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது.

கேரளத்தின் எதிர்வினை உணவில் வெளிப்பட்டது. ஊர் ஊராக மாட்டுக்கறித் திருவிழா. ஜூன் 8ஆம் தேதி சட்டமன்றச் சிறப்புக் கூட்டத்துக்கு வந்த உறுப்பினர்கள் காலை உணவாகவே மாட்டுக்கறி வறுவல் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். என்ன தின்பது என்று டில்லி சொல்ல வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கண்ணூரில் இளைஞர் காங்கிரஸார் நடுத்தெருவில் ஒரு கன்றை அறுத்துக் காட்டியபோது, உரிமைப் பேச்சுக்குள் அந்தக் கன்று ஒரு பதாகையாகிவிட்டது. டில்லியின் விதிகளிலும் மாடு அப்படித்தான் இருந்தது. லாரியில் ஆறா பதினாறா என்று அந்த ஆண்டு இரண்டு தரப்பிலும் யாரும் உரக்கக் கேட்டதாக நினைவில்லை.

யானைக்கு அழுதவர்கள்

மூன்று ஆண்டுகள் கழித்துப் பாலக்காடு மாவட்டம் உலகச் செய்தியில் வந்தது. மண்ணார்க்காடு வனப் பகுதியில் வெடி வைத்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த ஒரு சினை யானை வெள்ளியாற்றில் தண்ணீருக்குள் நின்றபடியே 2020 மே 27 அன்று இறந்தது. வாய்ப்புண்ணோடு நாட்கணக்கில் எதையும் தின்ன முடியாமல் அலைந்திருந்தது. சம்பவம் மலப்புறத்தில் என்று தவறாகப் பரவி, அதற்கு மதச் சாயமும் பூசப்பட்டது. நாடே அழுதது, அழுகை நியாயமானதும்கூட.

அந்த வெடி யானைக்கு வைத்ததல்ல, காட்டுப்பன்றிக்கு வைத்தது. கோவைப் பக்கத்தில் 'அவுட்டுக்காய்' என்று சொல்கிறோமே, அதேதான். தேங்காய்க்குள்ளோ பழத்துக்குள்ளோ வெடிமருந்தை வைத்துவிட்டால் கடித்த பன்றியின் தாடை சிதறும். சில பன்றிகள் அங்கேயே சாகும். சில அந்த யானையைப் போலவே நாட்கணக்கில் அலைந்து சாகும். பன்றியின் தாடைக்காக ஒரு ஹேஷ்டேக்கும் எழவில்லை. கிழங்கும் வாழையும் போட்டுவிட்டுக் காலையில் வந்து உழுது போட்டதைப் போலக் கிடக்கும் தோட்டத்தைப் பார்க்கிற விவசாயியிடம் பன்றியின் வலியைப் பற்றிப் பேசுவது எளிதல்ல, ஒப்புக்கொள்கிறேன். 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. உரிமம் பெற்ற துப்பாக்கி மட்டும். வெடி, விஷம், மின்கம்பி கூடாது. சுட்டதைத் தின்னவும் கூடாது, புதைக்க வேண்டும். கொல்லலாம், ஆனால் சட்டென்று கொல்ல வேண்டும் என்ற வேறுபாட்டை அரசு பன்றி விஷயத்தில் எழுதி வைத்திருக்கிறது. மாட்டு லாரி விஷயத்தில் எழுதியதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

தின்கிறவர்களுக்கு மாட்டின் மேல் பாசம் இருக்காது என்பதும் உண்மையில்லை. இடுக்கி மலையோரத்தில் கல்யாணத்துக்கு முந்தைய இரவில் எலும்புக் கறியும் மரவள்ளிக்கிழங்கும் சேர்த்துக் கிளறிய 'எல்லும் கப்பையும்' இல்லாத வீடு குறைவு. அதே மாவட்டத்தில், தொடுபுழா அருகே வெள்ளியாமற்றத்தில், 2024 புத்தாண்டையொட்டி ஒரு பள்ளி மாணவர் வளர்த்த 13 மாடுகள் கப்பைத் தோலைத் தின்று அதிலிருந்த சயனைடு விஷத்தால் செத்தன. அமைச்சர் வீட்டுக்கே வந்தார், நடிகர்கள் பணம் கொடுத்தார்கள், கேரளமே அந்தப் பையனுக்காகக் கண் கலங்கியது. இதைப் போலித்தனம் என்று ஏளனம் செய்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகம் தெரிந்த மாட்டுக்கு மனம் இளகுகிறது. தார்ப்பாய்க்குள் போகிற மாட்டுக்கு முகம் இல்லை.

கோழிக்கு மாறியவர்கள்

மாட்டைத் தொடாமல் கோழியோடு நிறுத்திக்கொண்டதால் பாவம் குறைந்துவிட்டதாக நம்பும் தமிழர்கள் பலர். பல்லடத்திலிருந்து கறிக்கோழியும் நாமக்கல்லிலிருந்து முட்டையும் இதே வாளையாறு வழியாகத்தான் கேரளத்துக்குப் போகின்றன. ஒரு சாதாரண மாட்டில் நூறு கிலோவுக்கு மேல் கறி தேறும். ஒரு பிராய்லரில் ஒன்றரைக் கிலோ. ஒரு மாட்டுக்குப் பதிலாக அறுபது எழுபது கோழிகள் சாக வேண்டும். சுமார் ஆறு வாரம் வாழும் அந்தக் கோழியின் கால்கள் அதன் மார்பு எடையைத் தாங்காமல் மடிகின்றன. முட்டைக் கோழிக்குக் கூண்டில் கிடைக்கும் இடம் இந்தப் பத்திரிகையின் ஒரு பக்க அளவுகூட வராது. 2017இல் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் இதைப் பற்றி எழுதி, வரைவு விதிகளும் கொடுத்தது. மாடு புனிதம், ஆடு பரவாயில்லை, கோழி கணக்கிலேயே இல்லை என்ற நம் வரிசை பழக்கத்திலிருந்து வந்தது. எந்த உயிருக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கறி தின்பதை நிறுத்துகிறவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. பாலையும் சேர்த்து நிறுத்துகிறவர்கள் மீது இன்னும் அதிகம், ஏனென்றால் அவர்கள்தான் கணக்கை முழுக்கப் போட்டவர்கள். ஆனால் நூற்றுக்கு 97 பேர் தின்கிற இரண்டு மாநிலங்களில் இன்றைக்கு மாட்டுக்கு ஆகக்கூடியது சாலையைச் சுருக்குவதுதான். பொள்ளாச்சிப் பக்கத்திலேயே ஒழுங்கான ஓர் அறுவைக்கூடம் அமைத்து, மாட்டுக்குப் பதிலாகக் குளிர்சாதன வண்டியில் கறியை அனுப்பலாம். கேரளத்தில் கூத்தாட்டுகுளத்தை அடுத்த இடையாரில் 1973 முதல் அரசே ஓர் இறைச்சி நிறுவனத்தை நடத்துகிறது. தெரியாத தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகள், ஒரு மாட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது, சினை மாட்டை அறுக்கக் கூடாது, ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 விலங்குக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்கின்றன. தெருவோரக் கசாப்புக் கடைகளில் இவற்றில் ஒன்றும் நடப்பதில்லை. தின்கிறவருக்கும் இதில் லாபம் இருக்கிறது. மிரண்டு களைத்துச் செத்த மாட்டின் கறி கறுத்து, சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது இறைச்சித் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

பத்து வயது கடந்து சான்று பெற்ற எருதுக்கும் எருமைக்கும் இதைச் செய்யத் தமிழ்நாட்டில் இன்றே சட்டத் தடை இல்லை. பசுவுக்குச் செய்ய வேண்டுமென்றால் 1976 உத்தரவைத் தொட வேண்டும், அதைத் தொடும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. இன்னொரு வழி, பால் நின்ற பசுவுக்கும் காளைக் கன்றுக்கும் ஆயுள் முழுக்க ஆகும் தீனிச் செலவைப் பால் விலையிலேயே சேர்த்துவிடுவது. லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றினாலே இரண்டு மாநிலங்களிலும் மறியல் நடக்கிறது.